வலது கை பெரியவளுக்கு

செப்டம்பர் 11, வியாழன். இன்று ஒரு சிறு தவறு. அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் ஜெல் நகத்தைத் தாண்டித் தோலில் இறங்கிவிட்டது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் இறங்கியது. மூன்றாவது தடவை சரியாக வந்தது மாதிரி இருந்தது. சரிதானா என்று தெரியவில்லை. இனிக் கவனம்.

பெரியவள் தினமும் இப்படித்தான் எழுதினாள். மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை அவளுக்கு. ஒரு பெட்டிக்கு லேபிள் கோணலாகப் போனால்கூட எண்ணைக் குறித்து வைக்கிற பழக்கம் அங்கே தொற்றியது. நக அலங்கார மாலை வகுப்பில் சேர்ந்த அன்றே நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் 'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள். வகுப்பில் அவளுக்கு 'நோட்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஜெல் பார்ப்பதற்குச் சாதாரண நகப்பூச்சு மாதிரிதான் இருக்கும். ஆனால் காற்றில் காயாது. ஊதா விளக்கின் கீழ் ஒரு நிமிடம் விரலை வைத்தால்தான் கல்லாக இறுகும். தோலை ஒட்டிப் போட வேண்டும், தோலில் படக் கூடாது. நடுவில் ஒரு முடி அளவு இடம் விட வேண்டும். அதிகம் விட்டால் இரண்டே நாளில் நகம் வளர்ந்து அசிங்கமாகத் தெரியும். விடாமல் போட்டால் தோலில் வழியும். அந்த ஒரு முடியில்தான் தொழிலே இருக்கிறது.

சின்னவளுக்கு அந்த முடி தானாக வந்தது.

அவளை வகுப்பில் சேர்த்ததே பெரியவள்தான். சின்னவள் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தாள், அதாவது பத்து மணி வரை தூங்கிக்கொண்டிருந்தாள். துணைக்கு ஆள் இருக்கட்டும் என்று இழுத்துக்கொண்டு போனாள். முதல் மாதம் பிளாஸ்டிக் கையில் பயிற்சி. மூன்றாம் நாளே மிஸ் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சின்னவள் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"இங்கதான் மிஸ்."

"இங்க நான் இதை இன்னும் சொல்லியே தரலையே!"

வகுப்பே சிரித்தது. மிஸ் அடுத்து பெரியவளின் பிளாஸ்டிக் கையைப் பார்த்தார். பிறகு அவள் நோட்டைப் பார்த்தார்.

"நோட்டு, எழுத்து முத்து முத்தா இருக்கு. இதுல பாதி நகத்துல இருந்தா போதும். இங்க பாரு, ஓரத்துல ரோடு போடுற அளவுக்கு இடம் விட்டிருக்க. பயப்படாத. கிட்டப் போ."

கிட்டப் போ என்று மிஸ் சொன்னதைப் பெரியவள் எழுதிக்கொண்டாள். அடியில் கோடும் போட்டாள்.

சான்றிதழ் தேர்வு அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. முதலாவதாக வருகிறவளைப் பெரிய சாலையில் இருக்கிற கண்ணாடிக் கதவு சலூன்காரி எடுத்துக்கொள்வாள் என்று பேச்சு. கிடங்கின் அட்டைத் தூசியிலிருந்து தப்பிக்க அது ஒன்றுதான் வழி என்று பெரியவள் நம்பினாள். ஆறு வருடம் லேபிள் ஒட்டியவளுக்கு, ஒரு மனிதக் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதரோடு பேசிக்கொண்டே செய்கிற வேலை என்பது சொர்க்கமாகத் தெரிந்தது.

இரண்டாம் மாதம் உயிருள்ள கை வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்தது அம்மாவின் கை.

அப்பா போனதிலிருந்து அம்மா ஆல்டரேஷன் கடையில் இருந்தாள். பேன்ட்டின் நீளம் குறைப்பது, காஜா எடுப்பது, கோட்டுக்குப் பட்டன் வைப்பது. மெஷினில் இரண்டு பேர் உட்கார்வார்கள். கைவேலை முழுக்க அம்மா. ஆறரைக்கு வீடு வந்து, ரொட்டியும் பருப்பும் ஆனதும், சமையலறை மேசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நீட்டுவாள்.

"உங்களுக்குப் பங்கு பிரிக்கச் சொத்துதான் இல்ல, கையாவது இருக்கே. எடுத்துக்கோங்க."

பெரியவள் வலது கையை எடுத்தாள். அது ஊசி பிடித்த கை. நகங்களில் கோடு கோடாக மேடு, நுனியில் பிசிறு, ஓரத்தில் தடித்த தோல். இடது கை அதற்குத் தங்கை மாதிரி மெத்தென்று இருந்தது.

"நீ இடதை எடுத்துக்கோடி. கஷ்டமான கையில பழகினாத்தான் கை திருந்தும்" என்றாள்.

"அக்காவுக்கு எப்பவும் முட்டுச்சந்துதான் பிடிக்கும்" என்றாள் சின்னவள்.

சின்னவள் கால் மணி நேரத்தில் ஐந்து விரலையும் முடித்துவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுவாள். பெரியவள் ஒரு மணி நேரம் உட்கார்வாள். போடுவாள், வழியும், துடைப்பாள், போடுவாள். சில நாள் முடித்த பிறகும் மனம் ஆறாமல் எல்லாவற்றையும் அரத்தால் ராவி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். அம்மா உட்கார்ந்தபடியே கண் அயர்ந்து, தலை சரிந்து, திடுக்கிட்டு விழிப்பாள்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் ஒரு விரல்மா."

"அஞ்சு விரலுக்கு இவ்வளவு நேரமா? ஆண்டவன் எனக்கு ஆறு விரல் வைக்காம விட்டானே, புண்ணியவான்."

ஒருநாள் பெரியவள் தங்கையிடம் கேட்டே விட்டாள். "அந்த இடத்தை எப்படிடி விடுற? கண்ணால அளக்கிறியா?"

"விடுறதா? நான் எங்க விடுறேன். அதுவா நிக்குது."

அதையும் பெரியவள் எழுதிக்கொண்டாள். 'அதுவாக நிற்கிறதாம்.' எழுதிவிட்டு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தைத் திருப்பினாள்.

அந்த வருடம் செப்டம்பர் முழுக்க மழை. படிக்கட்டில் ஈரம் காயவில்லை, துவைத்த துணியில் முடை நாற்றம். அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா?"

"ஊசி குத்திடுச்சு."

அடுத்த வாரம் இன்னொரு விரலில் சுற்று. "சோப்பு மாத்தினாங்க கடையில. ஒத்துக்கல." அதற்கடுத்த வாரம், தையல்காரர்கள் விரல் நுனியில் மாட்டுகிற இரும்புத் தொப்பியை வீட்டிலும் கழற்றாமல் இருந்தாள். பயிற்சிக்கு உட்காரும்போது மட்டும் கழற்றி மடியில் போட்டுக்கொள்வாள். "லைட்டு கண்ணைக் குத்துது, கொஞ்சம் தள்ளி வை" என்பாள். ஊதா விளக்குக்குள் விரலை வைத்ததும் தோள் ஒரு முறை ஏறி இறங்கும். ஜெல் இறுகும்போது கொஞ்சம் சூடு தெரியும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அது சூடுதான் என்று பெரியவள் எடுத்துக்கொண்டாள். விரல் ஓரம் சிவந்திருப்பதைப் பார்த்து, அரத்தால் அதிகம் ராவிவிட்டோம் என்று நினைத்து, 'அரம்: மெதுவாக' என்று குறித்தாள். பார்க்காமலா இருந்தாள்? பார்த்தாள். ஆனால் அவள் கண் தேடியதெல்லாம் அந்த ஒரு முடி இடத்தை. அதைச் சுற்றி இருந்த அம்மாவை அல்ல.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை அம்மா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். கிடங்குக்கு விடுமுறை. பெரியவள் குடையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

கடைவாசலில் மெஷின் சத்தம். உள்ளே ஜன்னலோரம் அம்மாவின் ஸ்டூல். அம்மா ஒரு கறுப்புக் கோட்டை மடியில் போட்டு, ஊசியை மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தைத்தாள். குழந்தை கரண்டி பிடிக்கிற மாதிரி இருந்தது. நூலை இழுக்கப் பல்லைக் கடித்தாள்.

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நீங்க பெரிய பொண்ணா? நல்ல வேளை வந்தீங்க. அம்மாவை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. மூணு வாரமா சொல்றேன், சரியாயிடும் சரியாயிடும்னுதான் பதில். நேத்து ஒரு வெள்ளைச் சட்டையில கறை ஆயிடுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சட்டைக்காரர் சொல்வாரில்ல?"

"என்ன கறை?"

அவர் அம்மாவின் கைப்பக்கம் தலையசைத்துவிட்டு மெஷினை மிதித்தார்.

அம்மா கையைக் கோட்டுக்கு அடியில் மறைத்தாள். "டப்பாவை வச்சிட்டுப் போ. மழை வருது."

"கையைக் காட்டுங்க."

"வீட்டுல பாத்துக்கலாம்."

"அம்மா, காட்டுங்க."

கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல். நுனித்தோல் காய்ந்த சேறு மாதிரி வெடித்திருந்தது. வெடிப்புக்குள் ஈரம். ஆள்காட்டி விரலின் நகம் ஒரு பக்கம் சதையை விட்டுத் தூக்கியிருந்தது. அதன் மேலே, வியாழனன்று பெரியவள் போட்ட இளஞ்சிவப்பு ஜெல், பளபளவென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

திங்கட்கிழமை டாக்டர் கையைத் தொடாமல் விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தார்.

"நகத்துக்கு ஜெல் போடுறீங்களா?"

"பொண்ணுங்க பழகுறாங்க" என்றாள் அம்மா, ஏதோ பெருமையைச் சொல்வது போல.

"தோல்ல படுதா?"

அம்மா வாயைத் திறக்குமுன் பெரியவள் நோட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டாள். அவளுக்கே அது ஏன் என்று தெரியவில்லை. கேள்வி கேட்டால் நோட்டைப் பார்த்துப் பதில் சொல்வதுதான் அவள் பழக்கம். ஜூலை மூன்றாம் வாரத்திலிருந்து புரட்டினாள். 'தோலில் பட்டது, துடைத்தேன்.' 'இரண்டு தடவை பட்டது, துடைத்தேன்.' ஒவ்வொரு நாளும் ஒரு சிறு தவறு. ஒவ்வொரு நாளும் இனிக் கவனம். விரலால் வரி வரியாக எண்ணினாள்.

"நாற்பத்தேழு தடவை, டாக்டர்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நோயாளிங்க யாரும் இவ்வளவு கணக்காச் சொன்னதில்ல. துடைச்சேன்னு எழுதியிருக்கீங்க இல்ல, அதுதான் வினை. ஸ்பிரிட்ல துடைச்சா போகாது, மெல்லிசாப் பரவும். பரவி உள்ள இறங்கும். எப்பவோ ஒரு தடவை பட்டா உடம்பு பொறுத்துக்கும். திரும்பத் திரும்பப் பட்டா ஒருநாள் எதிரின்னு முடிவு பண்ணிடும். பண்ணிட்டா அப்புறம் மாத்தாது." பிறகு இடது கையைக் கேட்டார். அம்மா நீட்டினாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை. "இதுக்கும் அதே ஜெல்லா?"

"அதே பாட்டில்தான். அது என் தங்கச்சி போடுறது."

டாக்டர் வலது கையையும் இடது கையையும் ஒரு முறை மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான். களிம்பு எழுதிக் கொடுத்தார். ஆறு வாரமாவது ஊசி பிடிக்கக் கூடாது, இனி வாழ்நாளில் இந்த ஜெல் எந்தக் கையிலும் படக் கூடாது, பல் அடைக்கிற பசையிலும் இதே சரக்கு உண்டு, அங்கே போனாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் கூரை ஒழுகியது. அம்மா கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்மா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ."

"நிறுத்தத்தான் வேணும்!"

"அதான் சொல்லல."

"வலிச்சுதுல்ல? ஒரு வார்த்தை? சின்னவகிட்டயாவது?"

அம்மா ஒழுகுகிற இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி நின்றாள். "சின்னவ கை பட்டா, பட்டதே தெரியாதுடி. ஈ உக்காந்து போற மாதிரி. உன் கை பட்டா, ஒரு பிள்ளை உயிரைக் கொடுத்து வேலை செய்யுதுன்னு தெரியும். அதைப் பாத்துட்டு எப்படிக் கையை இழுத்துக்கிறது?"

 அம்மா அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதால்தான் பெரியவளுக்கு அதை எங்கே பிடித்துத் தாங்குவது என்று தெரியவில்லை. நோட்டின் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. அடிமேல் அடி வைத்தவளைப் பற்றித்தான் பழமொழி. அம்மியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குச் சீக்கிரமே போனாள். மிஸ் பாட்டில்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள். மிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கிட்டப் போன்னு நான்தான் சொன்னேன்."

"தோல்ல பட்டா எல்லாத்தையும் எடுத்துட்டு அன்னிக்கு அதோட நிறுத்திடணும்னு முதல் வகுப்புலயே சொன்னீங்க மிஸ். நோட்டுல இருக்கு. நான்தான் நிறுத்தல. ஒரு நாள் விட்டாலும் பின்தங்கிடுவோம்னு பயம்."

"தேர்வு?"

"நான் எழுதல. இன்னொருத்தர் விரலைப் பிடிக்கத் தைரியம் இல்ல."

விடாதே, எழுது என்று மிஸ் சொல்லவில்லை. அப்படிச் சொல்வார் என்று ஏதோ ஒரு மூலையில் பெரியவள் எதிர்பார்த்திருந்தாள். "சரி" என்றார் மிஸ். சற்றுப் பொறுத்து, "ஜனவரியில அடுத்த வகுப்பு ஆரம்பிக்கும். வந்தா முதல் மூணு மாசமும் பிளாஸ்டிக் கை மட்டும்தான். வரணும்னு நான் கூப்பிடல. வந்தா உக்காரலாம்."

வீட்டில் சின்னவள் பிரஷ்களை எல்லாம் செய்தித்தாளில் சுற்றி அலமாரி மேலே போட்டிருந்தாள்.

"இது என்னடி?"

"நானும் போகல. அம்மா கையைப் பாத்ததுல இருந்து அந்த வாசனையே குமட்டுது. உனக்குத் துணைக்குத்தானே வந்தேன். நீயே இல்லன்னா எனக்கு என்ன அங்க?"

"உன்னால அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல."

"அதைத்தான் எல்லாரும் சொல்றீங்க. சொல்லச் சொல்ல எனக்கு அசிங்கமா இருக்கு. நான் என்ன பண்ணேன்? கால் மணி நேரம் உக்காந்தேன். நீ ராத்திரி பகலா உழைச்ச. உன் கை அப்படி, என் கை இப்படின்னா அதுக்கு நானா பொறுப்பு?"  பிறகு தன் கையை நீட்டி, "என் கையில போட்டுப் பாருக்கா. நான் ஆடாம உக்காருறேன். நீயே தேர்வுக்குப் போ" என்றாள்.

"வேண்டாம்."

"ஒரு விரல்."

"ஒரு விரலும் வேண்டாம்." பெரியவள் அலமாரியிலிருந்து பொட்டலத்தை இறக்கினாள். "நீ போ. தேர்வுல நகம் போட்டுக் காட்ட மாடல் யாரு உனக்கு?"

"யாரும் இல்ல. பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"பன்னிரண்டு நாள்ல தேர்வு, இன்னும் மாடல் இல்ல. உன்னைச் சொல்லி என்ன." மேசையில் துண்டை விரித்து, தன் இரண்டு கையையும் அதன் மேல் வைத்தாள். "போடு."

சின்னவள் நின்றாள். அடுத்த அறையிலிருந்து அம்மா, "போடேன்டி, கூப்பிடுறாள்ல" என்றாள்.

மூன்று மாதம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவள் இப்போதுதான் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பிரஷ் நகத்தில் இறங்கியது. அம்மா சொன்னது பொய்யில்லை. பட்டதே தெரியவில்லை. குளிர்ச்சியாக ஏதோ நகர்ந்துபோனது, தோலுக்கு ஒரு முடி முன்னால் நின்றது. தங்கையின் முகத்தில் எந்த முயற்சியும் இல்லை. கீழுதடு மட்டும் லேசாகத் தொங்கியது.  தனக்குள் எழுந்ததைப் பொறாமை என்று பெரியவள் நினைத்தாள். இல்லை, பசித்தவள் அடுத்தவர் இலையைப் பார்ப்பது மாதிரி ஏதோ ஒன்று.

ஆனாலும் கண் சும்மா இருக்கவில்லை. நான்காம் விரலில்தான் பிடிபட்டது. சின்னவள் பாட்டிலிலிருந்து பிரஷை எடுக்கும்போது அதன் கழுத்தில் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை, மறுபடி இந்தப் பக்கம் ஒரு முறை வழித்தாள். ஒவ்வொரு விரலுக்கும் மூன்று தடவை. பிரஷில் மிஞ்சியது ஒரு துளியில் பாதி. அவ்வளவு குறைவாக எடுத்தால் வழிவதற்கு ஏது?

"ஏன்டி மூணு தடவை வழிக்கிற?"

"நானா? எங்க?"

"இப்ப வழிச்சியே."

சின்னவள் பிரஷைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். "தெரியலையே. அப்படியா பண்றேன்?" அடுத்த விரலுக்கு அவள் கவனமாக எடுத்தாள். எத்தனை தடவை வழிப்பது என்று யோசித்தாள். கை தடுமாறியது, ஜெல் தோலை நோக்கி ஓடியது. பெரியவள் சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள்.

"கேக்காதக்கா. கேட்டா வரமாட்டேங்குது."

"சரி, கேக்கல. துடைக்காத. முழுசா எடுத்துடு. அந்த விரலை இன்னிக்கு விட்டுடு."

அன்றிலிருந்து பெரியவள் வகுப்புக்குப் போகவில்லை. நான்கு மணிக்குக் கிடங்கு விட்டதும் ஆல்டரேஷன் கடைக்குப் போய் அம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கடைக்காரர் எளிய வேலையாகப் பார்த்துக் கொடுத்தார். முதல் நாள் நான்கு பட்டன். நான்கும் தொங்கின, பிரித்துத் திரும்ப வைத்தாள். விரலில் அம்மாவின் இரும்புத் தொப்பி. தேர்வில் மாடலின் விரலில் காயம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு குத்தையும் யோசித்துக் குத்தினாள். கடைக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"மெதுவாத்தான் பண்றீங்க. பரவாயில்ல. உங்கம்மா கை வேற."

"தெரியும்" என்றாள்.

அம்மாவின் வெடிப்புகள் மேலே மூடிக்கொண்டு வந்தன. ஆள்காட்டி விரலின் நகம் விழுந்துவிட்டது. அந்த இடம் மெழுகு மாதிரி இருந்தது. விரல் நுனியில் துணி எது, நூல் எது என்று தெரியவில்லை என்று அம்மா சொன்னாள். பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல, "குளிர்ல அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை, கடை அடைக்குமுன், பெரியவள் ஜன்னலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். வெளியே மழை விட்டிருந்தது. முதல் பக்கத்தைப் புரட்டவில்லை. நேராக வெற்றுப் பக்கத்துக்குப் போனாள்.

அக்டோபர் 25, சனி. பட்டன் பதினொன்று வைத்தேன். இரண்டைப் பிரித்தேன். அம்மாவுக்கு ஆள்காட்டி விரலில் இன்னும் உணர்ச்சி இல்லை. சின்னவள் பிரஷை மூன்று தடவை வழிப்பதைப் பற்றி அவளிடம் இனிப் பேசக் கூடாது.

நாளை: ஒன்பது மணிக்குத் தேர்வு. எட்டுக்குக் கிளம்ப வேண்டும், சின்னவளை ஆறரைக்கே எழுப்ப வேண்டும். மாடல் நான். பத்து விரலிலும் காயம் இல்லை. இரண்டு மணி நேரம் கையை ஆட்டாமல் வைத்திருக்க வேண்டும்.